வண்டி ஓட்டும்போது கைப்பேசி: மதுரை ஓட்டுநர் பயிற்சியாளரின் பதில்கள்

ஒத்தக்கடை, கல்லூரி மாணவர்: கைப்பேசியை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசுகிறேன். இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கும்போது என்ன ஆபத்து?

பதில்: கை வண்டியில் இருந்தாலும் கவனம் பேச்சில் இருக்கிறது, தம்பி. பேச்சில் மனம் ஆழ்ந்துவிட்டால், கண்ணெதிரே இருப்பது கண்ணில் பட்டும் மனத்தில் பதியாமல் போய்விடும். பின்னால் அமர்ந்து பேசுகிற நண்பர், மாடு குறுக்கே வருவதைக் கண்டால் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார். மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது என்பதால், நீங்கள் பிரேக்கைத் தேடும் நொடியிலும் அவர் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

திருமங்கலம், பணிக்குச் செல்லும் பெண்: வந்த செய்தியை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்வதில் அவ்வளவு தீங்கா?

பதில்: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது, மூன்று நொடி குனிந்தால் 50 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். நான்குவழிச் சாலையில் தடுப்பு இடைவெளி வழியாக ஆட்கள் கடப்பதையும், இரவில் பின்விளக்கில்லாத டிராக்டர்கள் போவதையும் நீங்களே கண்டிருப்பீர்கள். நின்றிருக்கும் ஷேர் ஆட்டோவைப் பார்த்ததுமே, அதன் மறைவிலிருந்து யாரேனும் இறங்கி ஓடிவரக்கூடும் என்று பழகிய ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். அந்த முன்னுணர்வு பல ஆண்டுகள் ஓட்டித்தான் வரும். ஆகவே அதே மூன்று நொடி இளையவருக்கு இன்னும் ஆபத்தானது.

மேலூர், இளைஞர்: வழி பார்க்கலாமா?

பதில்: வழிகாட்டிக்காகப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது, கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனையோடு. புறப்படும் முன்பே இடத்தைக் குறித்து, தாங்கியில் பொருத்திவிடுங்கள்.

செல்லூர், ஒரு தாய்: 16 வயது மகன் ஸ்கூட்டரில் டியூஷன் செல்கிறான். நான் அழைத்தால் மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பதில்: அம்மா, பெட்ரோல் வண்டியானால், 16 வயதில் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே உரிமம் உண்டு. 2019 சட்டத் திருத்தத்தின்படி, சிறுவர் விதியை மீறி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும். வண்டியை முதலில் நிறுத்துங்கள்.

அதைவிட என்னை வருத்துவது உங்கள் இரண்டாம் வரி. ஓட்டும்போது யாருடைய அழைப்பை எடுக்கிறீர்கள் என்று என்னிடம் பயில வரும் பிள்ளைகளைக் கேட்டால், அம்மா என்றே பலர் சொல்கிறார்கள். எடுக்காவிட்டால் வீட்டில் பதறுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. உரிய வயதில் உரிமத்தோடு உங்கள் மகன் ஓட்டும்போதும், போய்ச் சேர்ந்ததும் அவரே அழைக்கட்டும். அதுவரை நீங்கள் அழைக்காதீர்கள்.