மன்னாருக்குப் போனால் தறி நிற்குமா?

கேள்வி: புகளூர் டவர் லைன் எங்கள் காட்டு மேலேதான் போகிறது. இப்போது கடலைத் தாண்டி இலங்கையின் மன்னாருக்கும் கரண்ட் கொடுக்கப் போகிறார்களாம். 2012-ல் மின்வெட்டில் பட்டது போதாதா? எங்கள் தறிக்கு மிஞ்சுமா?
– வாசகர், பல்லடம்

பதில்: மிஞ்சும். 2012-ல் வெளிமாநிலங்களில் மின்சாரம் இருந்தும் இங்கே கொண்டுவரப் போதிய லைன் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6000 மெகாவாட் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) லைன் வந்தது. இலங்கைக்குப் பேசப்படுவது முதலில் 500 மெகாவாட். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

உண்மையான ஆபத்து அக்கரையில் இருக்கிறது. நம் தேசிய மின்தொகுப்பின் தேவை 2024 மே 30-ல் 2.5 லட்சம் மெகாவாட்டை எட்டியது. இலங்கையின் உச்சத் தேவையோ மூவாயிரத்தை ஒட்டியது. இரண்டையும் ஏ.சி.யில் (வீட்டுக்கு வருவது போல் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) கட்டினால், இங்கே ஒரு பெரிய அனல்நிலையம் விழும்போது அந்த இழுப்பு கேபிளில் பாயும், ரிலே என்ற பாதுகாப்புக் கருவி இணைப்பைத் துண்டித்துவிடும். அதனால்தான் டி.சி.: அதில் நாம் வைத்த அளவுதான் பாயும், ஒரு பக்கத்துச் சரிவு மறுபக்கத்தை இழுக்காது. 2012 ஜூலை 31-ல் வடக்கும் கிழக்கும் இருண்டபோது தெற்கு கவிழாமல் நின்றதும் அப்போது நம்மை இணைத்திருந்தது டி.சி. என்பதால்தான்.

டி.சி. மட்டும் போதாது. 2014 நவம்பர் 1-ல் இந்திய மின்சாரத்தை டி.சி. வழியாக வாங்கும் வங்கதேசத்தின் பேராமாரா நிலையம் ட்ரிப் ஆனது. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது 500 மெகாவாட்டுக்கும் குறைவுதான், நாடே இருண்டது. திடீரென அவ்வளவு போனால் அதிர்வெண் (ஏ.சி. நொடிக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்பது; 50 இருக்க வேண்டும்) சரியும், மற்ற ஜெனரேட்டர்களும் வரிசையாகக் கழன்றுகொள்ளும். தேவை குறைந்த ஞாயிறு பகலில் இலங்கைக்கு இது இன்னும் கடுமை. ஆகவே அந்தந்த நேரத்து லோடைப் பார்த்து இறக்குமதிக்கு வரம்பு வைக்க வேண்டும்; அந்த அளவை உடனே ஈடுகட்டும் கையிருப்பும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் மாற்றும் மாற்றி நிலையத்தின் வகையும் முக்கியம். ராய்கர் லைனில் இருப்பது தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் வகை: எதிர்முனையில் வலுவான ஏ.சி. இல்லாவிட்டால் தடுமாறும். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போவது 2000 மெகாவாட் டிரான்சிஸ்டர் வகை: வோல்டேஜைத் தானே தாங்கிப் பிடிக்கும், பிளஸ்-மைனஸ் துருவத்தை மாற்றாமலே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். மன்னாருக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

“அங்கிருந்து காற்றாலைக் கரண்ட் வரும்” என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பாலக்காட்டுக் கணவாயில் காற்று வீசும் அதே தென்மேற்குப் பருவத்தில்தான் மன்னாரிலும் வீசும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் உபரி; மாலை நெருக்கடியும் ஒரே நேரத்தில்தான்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய விவரம் ஒன்று உண்டு: மாலை உச்சத்தில் நம் அதிர்வெண் 49.90-க்குக் கீழே போனால் முதலில் குறைப்பது ஏற்றுமதியையா, உங்கள் ஊருக்கு வரும் ஃபீடர் லைனையா? அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.