இலை கொட்டிய போன்சாய்க்கு எந்த டானிக்கும் வேண்டாம்

கேள்வி: தோவாளையில் வசிக்கிறேன். 12 வருடமாக வளர்க்கும் ஆல் போன்சாயை, வீட்டுக்கு வந்து செடி பார்க்கிற ஒருவரைக் கொண்டு 3 வாரம் முன்பு வேர் வெட்டித் தட்டு மாற்றினேன். இப்போது பாதி இலைக்கு மேல் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. 850 ரூபாய்க்கு வேர் டானிக் வாங்கி ஊற்றச் சொல்கிறார். அதிலும் சரியாகாவிட்டால் மறுபடி மண் மாற்றலாம் என்கிறார். மரம் மொட்டை மாடியில் இருக்கிறது. பிழைக்குமா?

பதில்: 850 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். இப்போதைக்கு உங்கள் கட்டைவிரல் நகம் போதும். ஒரு சின்னக் கிளையில் நெல் அளவுக்குப் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்து ஒரு துளி பால் கசிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. தவிட்டு நிறமாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். நுனி போயிருந்தாலும் அடிக்கிளை பச்சையாக இருக்கும். ஆல் லேசில் சாகிற சாதி அல்ல; கோயில் மதில் இடுக்கில் யார் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள்?

மரத்துக்குத் தண்ணீர் குடித்துத் தருவது பெரும்பாலும் நுனியிலுள்ள மெல்லிய வேர்கள். தட்டு மாற்றும்போது முதலில் அறுபடுவதும் அவைதான். மேலே இலைகளோ பழையபடி தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. வரவுக்கு மீறிய செலவு. மரம் இலையைக் கழற்றிப் போட்டுச் செலவைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளே நிற்கின்றன. அந்தக் காற்றில், வேர் வெட்டிய மரம் மொட்டை மாடியில்! காற்று இலையை உலர்த்துவதோடு மரத்தையும் ஆட்டும். ஆடுகிற ஒவ்வொரு முறையும், புதிதாக விட்ட வேர் மண்ணுக்குள் முறியும். இரண்டு விரலால் அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால், மரத்தைத் தட்டோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். இன்றே கீழே இறக்கி, காலை வெயில் மட்டும் படுகிற, காற்று அடிக்காத திண்ணையில் வையுங்கள். இருட்டறை வேண்டாம்.

இலை குறைந்த மரம் குறைவாகத்தான் குடிக்கும். மேல்மண் விரல்நுனி ஆழத்துக்குக் காய்ந்த பிறகு, அடித்துளையில் வழிகிற வரை ஊற்றுங்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஓட்டுத்துண்டு ஒன்றைச் செருகிச் சாய்த்து வைத்தால் மிச்சத் தண்ணீரும் இறங்கிவிடும். புது இலை வந்து முற்றுகிற வரை உரம் கிடையாது. ‘சாணிக் கரைசல்தானே, என்ன செய்துவிடும்’ என்று நினைப்பீர்கள். அதுவும் கிடையாது.

இனி டானிக். பல பாட்டில்களில் வைட்டமின் பி1 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை மரம் தானே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து ஊற்றுவதால் வேர் சீக்கிரம் பிடிப்பதில்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2021இல் இந்த மாதிரி டானிக்குகளை, அதாவது பயிர் ஊக்கிகளையும் கொண்டுவந்தார்கள். சட்டம் இருந்து என்ன? லேபிளே இல்லாத ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பில் கொண்டுவா என்றார்கள். லேபிள் ஒட்டாதவன் பில்லா தருவான்? அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள், அங்கே ஆள் இல்லை. பாட்டில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

மறுபடி மண் மாற்றலாம் என்கிறாரே, அவருக்கென்ன, வந்தால் கூலி. ஒருமுறை அறுபட்ட வேரை மூன்றாவது வாரத்தில் மறுபடி கிளறினால் மரம் தாங்காது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் மாற்றியாக வேண்டும்: வேர் அழுகியிருந்தால். தட்டை மூக்கருகே கொண்டுபோய் மண்ணை முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடையோ புளித்த வாடையோ வருகிறதா? ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கிறதா? அடிமரத்தை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா? இலை உதிர்வது இதற்குச் சாட்சி ஆகாது, மண்மேல் பாசி படர்வதும் ஆகாது. சந்தேகத்துக்காகப் பிடுங்கிப் பார்க்கவே கூடாது. வாடை நிச்சயம் என்றால் மட்டும் மரத்தை எடுத்து, வேரை அலசி, கறுத்துக் கொழகொழத்ததைச் சுத்தமான கத்தரியால் நல்ல வேர் தெரிகிற இடம்வரை வெட்டுங்கள். கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) களிமண்ணும் பிசைந்த கலவை தாழ்ந்த தட்டில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுகலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மறுபடி நடுவதற்கு, பயறு அளவுக்கு உடைத்துத் தூள் சலித்த செங்கல் சல்லி இரண்டு பங்கு, மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு போதும். எம்சாண்ட் தூள் துளையை அடைக்கும். கடற்கரை மணலில் உப்பு.

அழுகல் இல்லையென்றால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் கிளைகளில் கூரான மொட்டு தெரியலாம். அதைக் கண்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடாதீர்கள். ஆடிக் காற்று அடங்கி, புரட்டாசி பிறக்கட்டும்.