அசையாத பூச்சி எங்கே கிடைக்கும்?

கேள்வி: பூச்சிகளை நெருங்கிப் பெரிதாக எடுக்க மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இமேஜ் ஸ்டெபிலைசேஷன் (ஐஎஸ், கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி) உள்ளதற்கும் இல்லாததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பூச்சி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எடுப்பதற்கு அது அவசியம்தானா, ஐயா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சியை எங்கே பார்த்தீர்கள்? விலாசம் கொடுங்கள், நானும் வருகிறேன். நம் பினாங்கில் பூச்சி சும்மா இருந்தால் அது உட்கார்ந்த இலை சும்மா இருக்காது. தஞ்சோங் பூங்கா பக்கம் போனால் கடற்காற்று. தண்ணீர்மலைப் பக்கம் போனால் மழைக்கு முன்னால் ஒரு காற்று, மழை விட்ட பின் மரம் சொட்டும் சொட்டு. இரண்டும் இல்லாத நேரத்தில் பின்னால் ஒருவர் வந்து நின்று, “என்ன அண்ணே எடுக்கறீங்க?” என்பார். பூச்சி போயிருக்கும்.

பூச்சியை அசையாமல் உட்கார வைக்கச் சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். பிடித்து, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் வைப்பது. குளிரில் மரத்துப்போனதும் எடுத்து இலையில் ஒட்டவைத்து, மேலே தண்ணீர் ஸ்பிரே அடித்து, ‘அதிகாலைப் பனியில்’ என்று தலைப்புப் போட்டு அட்டைப்படத்துக்கு அனுப்புவார்கள். தவளையை நூலால் கட்டி வண்டின் முதுகில் சவாரி ஏற்றுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட படம் இந்தப் பத்திரிகையில் வராது என்று எழுதும்போதெல்லாம் புகைப்பட நண்பர்களில் யாராவது ஒருவர் என்னோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். நிறுத்தட்டும். பூச்சியின் காலடியில் பசை தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதையும் நான் நிறுத்தப்போவதில்லை.

சரி, லென்ஸ். கை ஆடும்போது கேமராவின் மூக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்புகிறது. கூடவே கேமரா முழுசாகவே கொஞ்சம் இடம் பெயர்கிறது. 5 மீட்டர் தள்ளி நிற்கிற ஆளை 100 மி.மீ. லென்ஸில் எடுக்கும்போது கேமரா பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெயர்ந்தால், படம் விழும் சென்சாரில் அரை பிக்சல், அதாவது அரைப் புள்ளிகூட மாறாது. அதே நகர்வு 1:1 அளவில், அதாவது பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது குறையாமல் அப்படியே சென்சாரில் விழும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது ஏறத்தாழ 17 பிக்சல். ஈயின் கண்ணில் ஒரு கட்டம்கூடத் தேறாது.

2006-இல் நிக்கோன் தன் 105 மி.மீ. மேக்ரோவில் ஸ்டெபிலைசேஷன் வசதியை வைத்தது. மேக்ரோ லென்ஸில் அதுதான் முதல் தடவை. பொருளை நெருங்க நெருங்கப் பலன் குறையும் என்று அவர்களே கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். 2009-இல் கேனான் 100 மி.மீ. எல் லென்ஸில் மூக்குத் திரும்புவதோடு இடப்பெயர்ச்சியையும் சேர்த்துச் சமாளித்தது. அப்படியும் சாதாரண தூரத்தில் நான்கு ஸ்டாப், 1:1-இல் இரண்டு ஸ்டாப் என்றுதான் அந்த நிறுவனமே சொன்னது (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம்). கடையில் உங்களுக்கு அந்த நான்கை மட்டும் சொல்லியிருப்பார்கள்.

யாரும் சொல்லாத ஆட்டம் ஒன்று உண்டு. முன்னும் பின்னும். 1:1-இல் லென்ஸின் துவாரத்தை எஃப்/8 (எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும்) வைத்தால் தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நீங்கள் மூச்சு விட்டாலே தாண்டிவிடும். கேமராவுக்குள்ளேயே ஐந்து அச்சில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த ஐந்தில் இது கிடையாது. செடித் தண்டை இடது கையால் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் பூச்சியும் நீங்களும் சேர்ந்து ஆடுவீர்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

இன்னொன்று: ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் பிடிக்கும், எதிரே இருப்பவரைப் பிடிக்காது. இதை நம் சங்கங்களின் நிகழ்ச்சிப் படக்காரர்களுக்கு யாராவது புரியவைத்தால் அவர்களுக்கு நானே பொன்னாடை போர்த்துகிறேன். மாதாமாதம் வருகிறது அந்தப் பொன்னாடைப் படம். மண்டபச் சுவர் தெளிவு, பேனர் தெளிவு, மேசையில் இருக்கும் மினரல் வாட்டர் பாட்டிலின் லேபிள்கூடத் தெளிவு. டத்தோவுக்கு மட்டும் இரண்டு தலை. கேட்டால், “ஐஎஸ் போட்டுத்தானே ஐயா எடுத்தேன்” என்கிறார்கள். போட்டிருப்பீர்கள், தம்பி. டத்தோ குனிகிறார், போர்த்துகிறவர் எக்குகிறார், செயலாளர் தன் முகமும் விழ வேண்டுமென்று நடுவில் நுழைகிறார்; இத்தனையும் 1/15 நொடியில். ஒரு படத்தில் பொன்னாடை ஒருவர் தோளிலும் தலை இன்னொருவர் கழுத்திலும் இருந்தது. யார் பெயரைப் போடுவது என்று இருவரையுமே போனில் அழைத்துக் கேட்டேன். இருவருமே தன் பெயர்தான் என்றார்கள். கடைசியில் பாட்டில் படத்தை மட்டும் வெட்டிப் போடலாமா என்று யோசித்தேன்.

ஆகவே, பணத்தை ஃபிளாஷில் போடுங்கள். 1:1-இல் எஃப்/11 வைத்தால் உள்ளே வரும் வெளிச்சம் எஃப்/22 அளவுக்குத்தான் இருக்கும். மர நிழலில் 1/200 நொடியும் குறைந்த ஐஎஸ்ஓவும் (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) வைத்து எடுத்தால், ஃபிளாஷ் இல்லாமல் படம் கறுப்பாக விழும். நல்லதுதான், அந்தக் கறுப்பில் ஃபிளாஷ் மட்டும் படம் எழுதுகிறது. பதினாறில் ஒரு பங்கு சக்தியில் ஒரு நல்ல ஃபிளாஷ் எரிவது ஏறக்குறைய 1/10,000 நொடி. உங்கள் கை, இலை, காற்று எதற்கும் அந்த நேரத்துக்குள் ஆடத் தெரியாது. ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசரை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வண்டின் முதுகில் டியூப்லைட் விழும். ஸ்டெபிலைசேஷன் இல்லாத பழைய மேக்ரோ, ஒரு ஃபிளாஷ், ஒரு டிஃப்யூசர்: எனக்குக் கேட்டால் இதுதான்.

ஃபிளாஷே வேண்டாம், பூவோடு சேர்த்து வண்ணத்துப்பூச்சியைச் சற்றுத் தள்ளி நின்று எடுப்பேன் என்கிறவரா? அப்புறம் பேச்சே இல்லை, ஸ்டெபிலைசேஷன் உள்ளதையே வாங்குங்கள். அந்த தூரத்தில் அது சம்பளத்துக்கு வேலை செய்யும்.

நிஜமாகவே அசையாமல் உட்காரும் ஆள்தான் வேண்டும் என்றால், கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்குப் போங்கள். மண்சரிவில் பொந்து தோண்டி, வாசலுக்குக் கதவு போட்டு வாழும் லிபிஸ்டியஸ் என்ற சிலந்தி. டென்மார்க் விலங்கியலாளர் ஒருவர் 1849-இல் அந்தப் பெயரை வைத்தது நம் பினாங்குச் சிலந்திக்குத்தான். மற்ற சிலந்திகள் ஏறக்குறைய எல்லாமே எப்போதோ தொலைத்துவிட்ட முதுகுத் தகடுகள் இதற்கு இன்னும் வயிற்றின் மேல் வரிசையாக இருக்கின்றன. இருட்டியதும் வாசலுக்கு வந்து, வெளியே விரித்த நூல்களில் கால் வைத்துக் காத்திருக்கும். நூலை மிதிக்காதீர்கள், குச்சியால் கதவைக் கிளறாதீர்கள். கீழே இறங்கும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் தாவரவியல் பூங்கா வரை ஜீப் சாலையில் சுமார் 5 கிலோமீட்டர் இறக்கம். முழங்கால் ஆட்டத்துக்கு நிக்கோனும் கேனானும் இன்னும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.