பாயிண்ட் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,
நான் கோத்தகிரி. காலேஜ் ரெண்டாவது வருஷம், இங்கிலீஷ் லிட்ரேச்சர். பாயிண்ட்னு ஒரே வார்த்தைக்கு டிக்‌ஷனரில அவ்ளோ அர்த்தம் போட்டிருக்கு. நோட்ல எழுதி மனப்பாடம் பண்றேன், மறுநாளே மறந்துடுது. போட்டோ அனுப்பிருக்கேன். தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கெல்லாம் இது வராதா? எந்த டிக்‌ஷனரி வாங்கலாம்? ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போகவா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தமிழ் மீடியம்னு இன்னொரு தடவ இழுத்தா எனக்கு கெட்ட கோவம் வரும். காலைல எந்திரிச்சதுலேருந்து நீ அந்த வார்த்தையத்தான் பேசிட்டிருக்க. செல்லுக்கு சார்ஜ் போட பிளக் பாயிண்ட் தேடற, ஃப்ரெண்டு வளவளன்னு பேசினா பாயிண்ட்டுக்கு வாடிங்கற, கோடநாடு வியூ பாயிண்ட்டுக்கு பஸ் ஏறற. இதெல்லாம் மனப்பாடம் பண்ணியா வந்துச்சு?

அந்த அர்த்தமெல்லாம் அடிப்படையில ரெண்டே குடும்பம் தங்கச்சி. லத்தீன்ல குத்தறதுங்கற வினையிலேருந்து கெளம்பி, பிரெஞ்சுல ரெண்டா பிரிஞ்சு, குத்தினா விழற புள்ளி ஒண்ணு, குத்தற முனை ஒண்ணு, இங்கிலீஷுக்கு வந்ததும் ரெண்டும் ஒரே ஸ்பெல்லிங்ல ஒட்டிக்கிச்சு. டெசிமல் பாயிண்ட், மேட்ச்ல எடுக்கற பாயிண்ட், பேச்சுல வெக்கற பாயிண்ட் எல்லாம் புள்ளி. கோடியக்கரைய பாயிண்ட் கலிமியர்ங்கறாங்களே, அது கடல்ல நீட்டிட்டிருக்கற முனை. ரயில் தடம் மாத்தற பாயிண்ட்ஸும் முனைதான், அந்த நகர்ற தண்டவாளத்தோட நுனிய மெலிசா சீவியிருப்பாங்க.

பாய்லிங் பாயிண்ட்டும் உன் நோட்ல இருக்கு, 'கொதிநிலை'ன்னு மொட்டையா. எங்கம்மா மேட்டுப்பாளையத்துப் பொண்ணு, ஊட்டிக்குக் கட்டிக் குடுத்தாங்க. அப்ப வீட்ல குக்கர் கெடையாது. விறகடுப்புல தண்ணி தளதளன்னு கொதிக்குமாம், துவரம்பருப்பு மட்டும் வேகவே வேகாதாம். ஒரு பருப்பு வேகவெக்கத் துப்பில்லன்னு பாட்டி கரிச்சுக் கொட்டிருக்கு, அம்மாவும் தனக்குத்தான் சமைக்கத் தெரியலன்னு நெனச்சு அழுதிருக்காங்க. ஒம்பதாவது படிக்கறப்ப சயின்ஸ் வாத்தியார் சொன்னாரு, ஊட்டி 2240 மீட்டர் ஒசரம், காத்தழுத்தம் கம்மி, தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், அதுக்கு மேல எவ்ளோ வெறக சொருகினாலும் சூடு ஏறாது, மூடி போட்டு அழுத்தத்த ஏத்தினாத்தான் ஏறும்னு. ஓடி வந்து அடுப்படில சொன்னேன். அம்மா கரண்டிய கீழ வெச்சுட்டு, "கேட்டீங்களா அத்தை"ன்னாங்க. பாட்டி வாயத் தெறக்கல. எனக்கு அந்த வார்த்தை வந்து சேந்தது அப்படித்தான்.

உன் நோட்ல ஒரு அர்த்தத்துக்குக்கூட ஒரு வாக்கியம் இல்ல. அப்புறம் எப்படி நிக்கும்? நோ பாயிண்ட்னா பிரயோஜனம் இல்லன்னு எழுதிட்டு அடுத்ததுக்குத் தாவிட்ட. அதுக்குப் பின்னாடி 'இன் வெயிட்டிங்'னு வருமா 'டு வெயிட்'னு வருமா? 'இன் வெயிட்டிங்'தான். கெளம்பற நேரத்துலங்கறதுக்கு 'ஆன் த பாயிண்ட் ஆஃப் லீவிங்', அங்க 'ஆன்'தான் வழக்கம். முன்னாடி பின்னாடி வர்ற இந்த பொடி வார்த்தைங்களோட சேத்து எடுக்காம அர்த்தத்த மட்டும் உருப்போட்டு என்ன பண்ணப் போற?

டிக்‌ஷனரி இருக்கறதே போதும். கிளாஸுக்கெல்லாம் காசு கட்டாத. அந்த நோட்டையே எடு, ஒவ்வொரு அர்த்தத்துக்கும் நேரா உங்க வீட்லயோ பஸ்லயோ நடந்த ஒண்ண இங்கிலீஷ்ல எழுது. தப்பு இருந்தா இருக்கட்டும், அனுப்பு, நான் திருத்தித் தரேன்.

அன்புடன்,
அண்ணன்