மலேசியாவில், சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டிக்குப் பிறந்த ஆண்டு தெரியாது. அவர் கதையை வரலாற்றோடு எப்படிப் பொருத்துவது?

ஆண்டைக் கேட்காதீர்கள், ‘யாருக்குத் தெரியும்’ என்றுதான் பதில் வரும். ‘ஜப்பான்காரன் வந்தப்போ உங்களுக்கு முன்பல் விழுந்துடுச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஜப்பான் படை இறங்கியது 1941 டிசம்பரில். பால்பல் விழும் வயது ஆறேழு. கணக்கு தானே வந்துவிடும். மரவள்ளிக்கிழங்கு, வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு, சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத சித்தப்பா, எல்லாம் 1945 வரையான கதை.

உங்கள் ஊருக்கு 1948தான் முக்கியம். ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டு கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடனே பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்தது, அது 1960 வரை நீண்டது. பாட்டியிடம் ‘அவசரகாலம்’ என்றால் விழிப்பார். ‘கம்யூனிஸ்டு காலம்’ என்றால் பேசுவார். என் பாட்டி சொன்னதில் துப்பாக்கியே கிடையாது. லயத்தை, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, சுற்றி முள்கம்பி. விடியற்காலை பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பாலெடுக்க, போகும்போது கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். வெறும் கறுப்புக் காப்பியோடு மதியம் வரை மரம் மரமாக நடந்ததுதான் அவருக்கு வரலாறு.

அப்புறம், பழைய அடையாள அட்டையின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் குடியுரிமை இல்லை. 1969க்குப் பின் அவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பலர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அட்டையிலுள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். என் பாட்டி அதன்படி தன் தம்பியைவிட இரண்டு வயது இளையவர்.