நாலு கோர்ல ரெண்டு சும்மா கிடக்கு, வெட்டிடலாமா?

கேள்வி: சார் வணக்கம். எங்க வீட்டு ஈபி மீட்டர் காம்பவுண்ட் சுவர்ல இருக்கு, அங்கேர்ந்து வீட்டு மெயின் போர்டு வரைக்கும் மண்ணுக்குள்ள 4 கோர் (உள்ள நாலு தனித்தனி கம்பி) அலுமினிய ஆர்மர்ட் கேபிள் (மேல இரும்புக் கவசம் இருக்கறது) போட்டிருக்கோம். சப்ளை சிங்கிள் ஃபேஸ்தான், சிவப்பும் கருப்பும் மட்டும் கனெக்ட் ஆகியிருக்கு. மஞ்சளும் நீலமும் போர்டுக்குள்ள சும்மா தொங்குது, ஆனா டெஸ்டர் வச்சா லேசா எரியுது! வெட்டி விட்டுடலாமா, இல்ல வயர்மேன் சொல்ற மாதிரி சிவப்போட சேர்த்து முறுக்கிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ரெண்டுமே வேண்டாங்க. நாளைக்கு ஏசி, மோட்டார்னு லோடு ஏறி த்ரீ ஃபேஸ் வாங்குனா இந்த ரெண்டு கோரும்தான் கைகொடுக்கும், ஒட்ட வெட்டிட்டா திரும்ப மண்ணைத் தோண்டணும்.

முறுக்கறது அதைவிட மோசம். ஃபேஸ்ல ரெண்டு கோர் சேர்த்தாலும் அதே கரண்ட் திரும்பி வர்றது ஒரே ஒரு கருப்பு நியூட்ரல் வழியாதான, அப்புறம் கேபிளோட கெபாசிட்டி எங்க ஏறும்? அதோட அலுமினியத்தை வெறுமனே முறுக்குனா மேல ஆக்சைடு படியும், நாளாக ஆக ஜாயிண்ட் லூசாகி சூடாகும், உள்ள கருகுறது வெளிய தெரியவே தெரியாது.

டெஸ்டர் எரியுதுன்னீங்களே, அது பெரும்பாலும் பக்கத்து சிவப்பு கோர்லேர்ந்து இன்சுலேஷன் வழியா கெபாசிட்டன்ஸ்ல (கம்பி நேரா தொடாமலே, பக்கத்துல இருக்கறதாலயே) வர்ற வோல்டேஜ். டிஜிட்டல் மல்டிமீட்டர்லயும் ஏதோ ஒரு வோல்ட் காட்டும், ஆனா லோடு எடுத்தா நிக்காது. ஹோல்டர்ல 60 வாட் குண்டு பல்பு போட்டு அந்த கோருக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பல்பு எரியலன்னா பேய் வோல்டேஜ்தான், அதாவது சும்மா காட்டுற வோல்டேஜ். எரிஞ்சா கேபிள் உள்ள அடிபட்டிருக்கு, இல்ல மீட்டர் பக்கம் யாரோ கனெக்ட் பண்ணியிருக்காங்க, அதைக் கண்டுபிடிக்காம மேற்கொண்டு எதுவும் செய்யாதீங்க.

இப்ப ஒரு விஷயம், தயவுசெஞ்சு இதை மட்டும் மறந்துடாதீங்க. வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுனா இந்த கேபிள் ஆஃப் ஆகாது, ஏன்னா கேபிள் அந்த சுவிட்சுக்கு முன்னாடியே இருக்கு. மீட்டர் பக்கத்துல உங்க சுவிட்ச ஆஃப் பண்ணி ஃபியூஸ் கேரியரையும் (ஃபியூஸ் கம்பி இருக்கற பிடி) கழட்டி வயர்மேன் பாக்கெட்ல வச்சுக்கிட்ட அப்புறம்தான் கை வைக்கணும். அங்க சுவிட்ச் இல்லன்னாலோ, ஈபி சீல் வச்ச பாக்ஸுக்குள்ளதான் வேலைன்னாலோ ஈபி ஆளைத்தான் கூப்பிடணும்.

அப்புறம் மஞ்சள், நீலம் ரெண்டையும் முழு நீளத்துக்கு விட்டு, லக் (கம்பி முனையில அழுத்தி மாட்டுற உலோகக் காது) அடிச்சு, ரெண்டு முனையிலயும் எர்த் பார்ல (எர்த் வயரெல்லாம் சேர்ற உலோகப் பட்டை) கட்டிடுங்க. நியூட்ரல்ல கட்டவே கூடாது. எர்த் ஆன கோர்ல டெஸ்டர் எரியாது, பின்னாடி இன்சுலேஷன் போய் ஃபேஸ் அதுல பட்டாலும் எர்த் ஒழுங்கா இருந்தா ஃபியூஸ் போய் காட்டிக்கொடுத்துடும், சும்மா தொங்குனா தொடறவருக்கு ஷாக்தான். ஒரு முனையில எர்த் பார் இல்லன்னா அங்க ஹீட் ஷ்ரிங்க் கேப் (சூடாக்குனா சுருங்கி இறுகுற மூடி) போட்டு மூடுங்க, வெறும் டேப் வெயில்ல பிரிஞ்சுடும். ஆர்மருக்கும் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியில இறுக்கிப் பிடிக்கிற உலோகப் பிடி) போட்டு எர்த் பண்ணியிருக்கான்னு அப்படியே பார்த்துடுங்க.

ரெண்டு முனையிலயும் பச்சை ஸ்லீவ் மாட்டி ‘ஸ்பேர் - எர்த்’னு எழுதி வைங்க. த்ரீ ஃபேஸ் வர்றப்ப ரெண்டு பக்கமும் எர்த்லேர்ந்து கழட்டி, ஸ்லீவையும் எடுத்துட்டு, கோருக்கு கோர், கோருக்கும் ஆர்மருக்கும் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) போட்டுப் பாருங்க, 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டுனா அந்த கோர்ல சப்ளை கொடுக்கக் கூடாது.