பாம்பன் பவள மேட்டிலிருந்து கல் எடுத்து வரலாமா?

கேள்வி: பரமக்குடி பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாம்பன் வடகரையில் உள்ள பழைய பவளப்பாறை மேட்டைப் பார்க்க அழைத்துப் போகிறேன். பள்ளி ஆய்வகத்துக்கு இரண்டு மூன்று கல் எடுத்து வரலாமா?

பதில்: பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். கல் மட்டும் வேண்டாம், ஒரு துண்டுகூட.

கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே உயரமான பாறைச்சுவர் எதுவும் இருக்காது. கரையோரம் தாழ்வாக, பொத்தல் பொத்தலாக ஒரு மேடு, அவ்வளவுதான். சும்மா கடற்கல் என்று தாண்டிப் போகிறவர்களே அதிகம். குனிந்து பார்த்தால்தான் பூப்போன்ற சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த வீடு.

பவளம் நீருக்குள்தான் வளரும். கடல் வற்றும்போது நிற்கும் மட்டத்துக்கு மேல் அதிகம் உயராது. அப்படியிருக்க, இது எப்படிக் கரையில் நிற்கிறது? ஒன்று, அன்றைக்குக் கடல் இன்றைவிட உயரமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் மேலே எழும்பியிருக்க வேண்டும். ஸ்டோடார்ட், கோபிநாத பிள்ளை இருவரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பவளத்துக்குச் சுமார் 4,000 ஆண்டு வயது சொன்னார்கள்.

இதற்கெல்லாம் சாட்சி, கல் இருக்கும் இடமும் அது நிற்கும் விதமும்தான். அலை தூக்கி வீசிய துண்டு புரண்டு கிடக்கும். அங்கேயே வளர்ந்தது அடி கீழும் தலை மேலுமாக நிற்கும். பெயர்த்து எடுத்து அலமாரியில் வைத்தால் அது வெறும் சுண்ணாம்புக் கட்டி. இந்தக் கரையில் பவளத்தைச் சுண்ணாம்புக்காகவே வெட்டி அழித்த காலம் ஒன்று இருந்தது. மிச்சம் இருப்பதையாவது விட்டுவைப்போம்.

சட்டமும் இடம் கொடுக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே பவளம் சேர்ந்துவிட்டது. செத்து ஒதுங்கிய துண்டு என்றாலும் சிக்கல்தான். பழைய பவளமா, இன்றைய பவளமா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எளிதல்ல.

பதிலாக, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், வரையச் சொல்லுங்கள். எது வளர்ந்த நிலையில் நிற்கிறது, எது புரண்டது என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். அதுதான் உண்மையான கள ஆய்வு. பொந்துகளில் நண்டு இருக்கும், கை விடக்கூடாது. குளிர்காலம் என்றால் கல்திருப்பி உள்ளான் என்ற பறவைகள் கல் இடுக்கில் இரை தேடுவதையும் பார்க்கலாம். அருகே போனால் எழும்பிவிடும்.

மாதிரி கையருகே பார்க்க வேண்டுமென்றால் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் போக ஆசை என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

அப்புறம் நாள் விஷயம். வாடைக்காற்றில் வடகரை கொந்தளிக்கும், அது தணிந்தபின் போங்கள். கடல் வற்றும் நேரத்தை அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல் விளிம்பு காலைக் கிழித்துவிடும், எல்லோரும் ஷூ போட்டு வரட்டும்.